பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு பன்னிரண்டாயிரம் வாட் எதுக்கு?

போன ஞாயித்துக்கிழமை பங்காளி மகன் ஒருத்தன் செல்போனோட வந்து நின்னான். "பெரியப்பா, இதைப் பாருங்க. 12,000 வாட். ஆறு ஸ்பீக்கர். ஆஃபர்ல போட்டிருக்கான். வாங்கிரட்டுமா?"

புது வீடு கட்டிக் குடி போயிருக்கான். ஹாலு பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு பக்கச் சுவரு பக்கத்து வீட்டோட ஒட்டுச் சுவரு. நான் கேட்டேன், "ஏண்டா, நம்ம போர் மோட்டார் எத்தனை எச்பி?" "அஞ்சு." "ஒரு எச்பின்னா 746 வாட். உன் 12,000 வாட்டைக் கணக்குப் போடு, பதினாறு எச்பி வருது. மூணு போர் மோட்டாருக்கு மேல. அதை ஹால்ல வச்சு ஓட்டப் போறியா?"

சிரிச்சான். ஆனா விடல. சரின்னு அந்தப் படத்தைப் பெருசாக்கி, பெட்டிக்குப் பின்னால ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்கச் சொன்னேன். கரண்டு எவ்வளவு இழுக்கும்னு அதுல போட்டிருக்கும். 60 வாட்னு இருந்துச்சு. அறுபது மரக்கா நெல்லு குத்தி பன்னிரண்டாயிரம் மரக்கா அரிசி எடுக்கிற மில்லு எங்கடா இருக்குன்னு கேட்டேன். அப்பதான் அவனுக்கு யோசனை வந்துச்சு.

பிஎம்பிஓன்னு ஒரு அளவு போடுவாங்க. அதுக்கு ஒரு வரையறையும் கிடையாது, வாய்க்கு வந்த நம்பர். பாக்க வேண்டியது ஆர்எம்எஸ். அதுலயும் நல்ல கம்பெனிக்காரங்களே மூணு நாலு நம்பர் குடுப்பாங்க. யமஹா ஆர்எக்ஸ்-வி385ன்னு ஒரு 5.1 ரிசீவர், கம்மி விலை வரிசையில வந்தது. அதோட விவரச் சீட்டைப் பாத்தீங்கன்னா 135 வாட், 100 வாட், 70 வாட்னு மூணும் இருக்கும். மூணும் பொய் இல்ல. 135ங்கிறது ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, சத்தம் பத்து சதவீதம் சிதைஞ்சாலும் பரவாயில்லன்னு அளந்தது. 70ங்கிறது ரெண்டு சேனலை ஒண்ணா ஓட்டி, கீழ்ச்சத்தத்துலேருந்து மேல்ச்சத்தம் வரைக்கும், கிட்டத்தட்டச் சிதையாம அளந்தது. பெட்டி மேல எது பெருசா இருக்கோ அதை விட்டுட்டு, எது சின்னதா இருக்கோ அதைப் படிங்க. அதுதான் வீட்டுக்கு வர்ற நம்பர்.

அந்த 70ஏ சின்ன ரூமுக்கு அதிகம். சாதாரண ஸ்பீக்கர் ஒண்ணுக்கு ஒரே ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 85லேருந்து 88 டெசிபல் சத்தம் வரும். நாம பேசுற பேச்சு 60 டெசிபல் சுத்துல. அப்ப ஒரு வாட்டே பெருஞ்சத்தம். நம்ம காதுக்கு சத்தம் ரெண்டு மடங்கா தெரியணும்னா வாட்டை ரெண்டு மடங்காக்கினா பத்தாது, பத்து மடங்காக்கணும். 50 வாட் பெட்டிக்குப் பதிலா 100 வாட் பெட்டி வாங்கினா கூடுறது மூணே டெசிபல். ரிமோட்ல ரெண்டு மூணு அமுக்கு, அவ்வளவுதான். அந்த மூணு டெசிபலுக்குத்தான் கடைக்காரர் உங்ககிட்ட இன்னும் பத்தாயிரம் கேக்குறாரு.

இதெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம், பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது நிறைய.

எங்கம்மாவுக்கு எண்பதைத் தாண்டிருச்சு. ஒரு காலத்துல காரைக்கால் வானொலியை அடுப்படியில வச்சுக்கிட்டு, அறிவிப்பாளர் குரலை வச்சே மணி சொல்லும். கொஞ்சம் கொஞ்சமா காது மங்கிப் போச்சு. முழுசா கேக்காமப் போகல. சத்தம் கேக்கும், சொல்லு புரியாது. டாக்டர் விளக்கிச் சொன்னாரு: வயசாகும்போது மேல்ச்சத்தந்தான் முதல்ல போகும். அ, ஆ, ஓங்கிற உயிரோசை எல்லாம் கீழ இருக்கிறதால கேட்டுரும். ச, த, ஸ, ப மாதிரி மெய்யெழுத்து ஓசை மேல இருக்கிறதால நழுவிரும். "பாத்தா"ன்னு சொன்னாளா "சாத்தா"ன்னு சொன்னாளான்னு தெரியாது. அதனாலதான் காது மந்தமானவங்க "கத்தாதடா, தெளிவாச் சொல்லு"ன்னு கோவப்படுறாங்க. நாம என்னடா இது, காதும் கேக்கல, கத்தினாலும் திட்டுதேன்னு நெனைக்கிறோம்.

காதுக் கருவி வாங்கிக் குடுத்தோம். ஆள் பேசுனா போட்டுக்கும். டிவி முன்னால போட்டா இரைச்சலா இருக்குன்னு கழட்டி வச்சிரும். முதல்ல எல்லாம் சீரியல் பாக்கையில "என்ன சொன்னான்? அவ என்ன சொன்னா?"ன்னு பக்கத்துல இருக்கிறவங்கள கேக்கும். பேரப்பிள்ளைங்க ரெண்டு தடவ சொல்லும், மூணாந் தடவ "அட போ ஆத்தா"ன்னு சொல்லிரும். அப்புறம் அது கேக்கிறதை நிறுத்திருச்சு. அப்புறம் ஹாலுக்கு வர்றதையே நிறுத்திருச்சு. "நீங்க பாருங்க, எனக்கென்ன"ன்னு திண்ணையில போய் ஒக்காந்துக்கும். எங்களுக்கு அது உறைக்கவே நாளாச்சு.

சரி, நல்லாக் கேக்கட்டும்னு டவுன்ல ஒரு கடையில (பேரு வேண்டாம்) 5.1 பெட்டி ஒண்ணு வாங்கினேன். பங்காளி மகன் காட்டுனானே, அதே சாதி. அஞ்சு குட்டி ஸ்பீக்கர், ஒரு பெரிய பாஸ் பெட்டி. போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிருச்சு. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பாத்தாரு. அம்மா திண்ணையிலேருந்து எந்திரிச்சு வந்து நின்னு பாத்துட்டு, "தம்பி, என்னமோ இடிக்குது, ஒண்ணும் வெளங்கல"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. டிவி தனியா இருந்தப்ப புரிஞ்ச சொல்லுகூட இப்ப புரியல. பாஸ் சத்தம் மேல ஏறிப் பேச்சை அமுக்கிருச்சு. காது கொஞ்சமா மிச்சம் வச்சிருக்கிற இடத்துல அந்த டம்டம் போய் ஒக்காந்துக்கிச்சு. ஒன்றரை வருஷம் கழிச்சு அந்தப் பெட்டி தானே செத்துப் போச்சு. தொறந்து பாத்தா உள்ள ஒரு பல்லி, கருகிக் கெடக்குது. காத்தோட்டத்துக்கு வச்ச ஓட்டை வழியா சூட்டுக்காகப் போயிருக்கும் போல. பல்லி மேல எனக்கு வருத்தம் இல்ல.

என்ன தப்பு பண்ணினேன்னு அதுக்கப்புறந்தான் யோசிச்சேன். சத்தம் வாங்கப் போனேன். வாங்க வேண்டியது சொல்லு.

தருமபுரம்னா பல பேரு ஆதீனம் இருக்கிற ஊருன்னு நெனைப்பாங்க. அது மயிலாடுதுறைக்குப் பக்கத்துல. எங்க தருமபுரம் காரைக்காலை ஒட்டி இருக்கிறது. இங்க சாமி பேரே யாழ்மூரிநாதர். திருஞானசம்பந்தர் பாட்டுக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசிச்சுக்கிட்டே ஊர் ஊரா கூட வந்தவரு. இது அவரோட தாய்வழி ஊரு. இங்க இருந்த சொந்தக்காரங்க, இவரு யாழ்ல வாசிக்கிறதாலதான் அந்தப் பாட்டுக்கே பெருமைன்னு பேசிட்டாங்க. பாணருக்கு மனசு பொறுக்கல. அப்படி இல்லன்னு காட்டணும்னு அவரே சம்பந்தரைக் கேட்டுக்கிட்டாரு. சம்பந்தர் ஒரு பதிகம் பாடுனாரு. அது யாழ் நரம்புல அடங்கவே இல்ல. பாணர் யாழை ஒடைக்க ஓங்கிட்டாரு, சம்பந்தர்தான் தடுத்து வாங்கினாரு. அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரின்னே பேரு. சின்னப் பிள்ளையிலேருந்து கேட்ட கதைதான். ஆனா பல்லி செத்த பெட்டியைப் பரண்ல தூக்கிப் போடுறப்பதான், எங்க ஊரு சொந்தக்காரங்க பேசின பேச்சைத்தான் நானும் கடையில நின்னு பேசியிருக்கேன்னு தோணிச்சு.

அடுத்த தடவ ஒழுங்கா விசாரிச்சேன். டவுன்லேருந்து மெட்ராசுக்கு வீடு மாத்துற குடும்பம் ஒண்ணு, பழைய 5.1 ரிசீவர் ஒண்ணைக் குடுக்கப் போறதா தெரிஞ்சுது. ரிசீவர்னா டிவி, செட்டாப் பாக்ஸ் சத்தத்தை எல்லாம் வாங்கிப் பிரிச்சு, அததுக்குரிய ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி. ஆம்ப்ளிஃபையரும் அதுக்குள்ளயே இருக்கும். ஸ்பீக்கரை நாமளே பாத்து வாங்கி மாட்டிக்கணும். 6,500 ரூபாய்க்குப் பேசி முடிச்சேன். கூடவே ரெண்டு சாதாரண ஸ்பீக்கர், நடுவுல வைக்க ஒரு சென்டர் ஸ்பீக்கர். பாஸ் பெட்டி வாங்கல. பின்னால வைக்கிற ஸ்பீக்கரும் வாங்கல.

கேட்டவங்க எல்லாம் சிரிச்சாங்க. அஞ்சு ஸ்பீக்கர் ஓட்டுற பெட்டிக்கு மூணுதான் மாட்டியிருக்கான்னு. நான் இன்னைக்கும் சொல்றேன், சின்ன ரூமுக்கு அதுதான் சரி. சினிமாவுல பேச்சு முக்கால்வாசி நடு சேனல்லதான் வருது. பழைய டெண்ட் கொட்டகை ஞாபகம் இருக்கிறவங்களுக்கு இது புரியும். அங்க திரைக்குப் பின்னால நடுவுல ஒரு ஸ்பீக்கர் வச்சிருப்பாங்க. சிவாஜி பேசுனா சிவாஜி வாயிலேருந்து வர்ற மாதிரியே இருக்கும், கடைசி மண்ணு டிக்கெட்டுக்கும் சொல்லு புரியும். அப்புறம் 1996ல கருப்பு ரோஜாவோட டிடிஎஸ் வந்துச்சு, 2012ல சிவாஜி 3டியோட டால்பி அட்மாஸ் வந்துச்சு. சுத்திச் சுத்திச் சத்தம் வர ஆரம்பிச்சாலும் பேச்சை மட்டும் நடுவுலயேதான் விட்டு வச்சிருக்காங்க. அது தனிச் சேனலா இருக்கிறதால, ரிசீவர்ல போய் நடு ஸ்பீக்கரை மட்டும் நாலு டெசிபல் கூட்டிக்கலாம். பாட்டு, சண்டை, இடி எல்லாம் அப்படியே இருக்கும், பேச்சு மட்டும் முன்னால வந்து நிக்கும். டிவியில சத்தத்தைக் கூட்டினா எல்லாமே சேந்து கூடும். இந்த ஒரு வசதிக்காகத்தான் நான் ரிசீவர்ங்கிறேன்.

சீரியல், செய்தி எல்லாம் ரெண்டு சேனல்ல வர்றதுதான். அதுக்கும் ரிசீவர்ல வழி இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற சத்தத்தைப் பிரிச்சு நடுவுல அனுப்புற மோடு பல பெட்டியில இருக்கும், டால்பி புரோ லாஜிக்னோ டால்பி சரவுண்டுன்னோ போட்டிருக்கும். வாங்கும்போது கேட்டுக்குங்க. ராத்திரி மோடுன்னு இன்னொண்ணு. மெல்லிசா பேசுறதை ஏத்தி, வெடிச்சத்தத்தை எறக்கும். ஒட்டுச் சுவரு உள்ளவங்களுக்கு அது கட்டாயம்.

மூணு ஸ்பீக்கர்தான்னா அதை ரிசீவருக்குச் சொல்லிரணும். செட்டிங்ஸ்ல போய் பின்னால ஸ்பீக்கர் இல்ல, சப்வூஃபர் இல்லன்னு போடணும். இல்லாட்டி அந்தப் பக்கம் போற சத்தம் காணாமப் போயிரும். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒண்ணு மாறினாலும் ஸ்பீக்கர் ஒண்ணுக்கொண்ணு எதிரா ஆடும், பாட்டு சத்து இல்லாம வரும். ஒயருக்குத் தனியா ஆயிரக்கணக்குல குடுக்காதீங்க. வீட்டு ஒயரிங்குக்கு வாங்குற 1.5 செப்பு ஒயரே இந்தத் தூரத்துக்குத் தாராளம்.

உயரந்தான் முக்கியம். கடையில எல்லாம் சோபாவுல ஒக்காந்து கேக்கிற மாதிரி வச்சுக் காட்டுறாங்க. எங்க வீட்டுல பாதிப்பேரு தரையில, அம்மா பாயில சுவத்துல சாஞ்சு. மேல்ச்சத்தம் நேர்கோட்டுல போகிற சாமான். டிவிக்கு மேல வச்சா அது தலைக்கு மேல போயிரும், அம்மாவுக்கு வேண்டியதே அந்த மேல்ச்சத்தந்தான். நான் சென்டர் ஸ்பீக்கரை டிவிக்குக் கீழ வச்சு, பின்னால ஒரு தேங்கா மட்டையைக் கொடுத்து சரிச்சு, அம்மா காதுக்கு நேரா திருப்பி வச்சேன். அந்த மட்டை இன்னும் அப்படியேதான் இருக்கு.

ரூமும் ஒரு ஸ்பீக்கர்தான். டைல்ஸ் தரை, சிமெண்டு சுவரு, மேல கான்கிரீட்டு. கை தட்டினா டொய்ங்னு திரும்பி வரும். இதை எனக்குக் கத்துக்குடுத்தது நெல்லு மூட்டை. ஒரு வருஷம் சம்பா அறுத்து, வெல வரட்டும்னு மூட்டையை ஹால்ல பின்சுவத்தோரம் அடுக்கி வச்சிருந்தோம். அந்த ரெண்டு மாசமும் டிவி அவ்வளவு தெளிவா இருந்துச்சு. மூட்டையை ஏத்தி அனுப்பினன்னைக்கு ராத்திரி மறுபடி டொய்ங். இப்ப அந்தச் சுவத்துல மெத்தையைச் சுருட்டி நிக்க வச்சிருக்கோம், தரையில கோரைப்பாய். மூட்டை அளவுக்கு இல்ல, ஆனா பரவாயில்ல. பட்டணத்துல இருக்கிற நீங்க நெல்லுக்கு எங்க போவீங்க, புத்தக அலமாரியும் தடிச்ச திரைத்துணியும் அந்த வேலையைச் செய்யும்.

டிவியோட எப்படிச் சேக்கிறதுங்கிறதையும் பாத்துக்குங்க. எச்டிஎம்ஐ ஏஆர்சின்னு ஒரு ஓட்டை, 2009லேருந்து அந்தத் தரத்துல இருக்கு. டிவி, ரிசீவர் ரெண்டுலயும் அது இருந்தா ஒரே ஒயர்ல டிவி சத்தம் எல்லாம் ரிசீவருக்கு வந்துரும், டிவி ரிமோட்டே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். என் பெட்டி பழசு, அதுல அது கிடையாது. ஆப்டிகல் ஒயர்ல போட்டிருக்கேன். சத்தம் நல்லாத்தான் வருது, ஆனா ரெண்டு ரிமோட்டு. எண்பது வயசு ஆளுக்கு ரெண்டு ரிமோட்டுங்கிறது தண்டனை. ரிசீவர் ரிமோட்டுல சத்தப் பொத்தானைச் சுத்தி நெயில் பாலிஷ் பூசி வச்சிருக்கோம். இப்ப வாங்குறவங்க ஏஆர்சி இல்லாததை வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன், பழசா இருந்தாலும்.

அமெரிக்காவிலேருந்து வந்த பழைய பெட்டின்னு சல்லிசா ஒண்ணு கைக்கு வந்தா, பின்னால 120 வோல்ட்டுன்னு மட்டும் போட்டிருக்கான்னு பாருங்க. நம்ம 230ல சொருகினா அன்னைக்கே பொகை. பிரான்சுலேருந்து வர்றதுக்கு அந்தப் பயம் இல்ல, அங்கயும் 230தான். காரைக்கால்ல பாதி வீட்டுல பிரான்சுல ஆள் இருக்கிறதால இதைச் சொல்ல வேண்டியிருக்கு. கடலோரக் காத்து உப்புக் காத்து. ஒயர் நுனி பச்சை பூத்துரும், வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டிச் சுரண்டி மாட்டுங்க. பெட்டி மேல பூப்போட்ட துணி மூடாதீங்க, மேல ஒரு சாணாவது வெளி விடுங்க. பல்லிக்கு பின்பக்க ஓட்டையில மெல்லிசா கொசுவலை வச்சிருக்கேன், சூடு வெளிய வர்ற அளவுக்குத்தான். ஐப்பசி கார்த்திகையில இடி கேட்டா பிளக்கையும் புடுங்கணும், கேபிள் ஒயரையும் புடுங்கணும். பிளக்கை மட்டும் புடுங்கிட்டுத் தூங்குனவங்க டிவியை எல்லாம் நான் பாத்திருக்கேன்.

சவுண்ட் பார் போதாதான்னு பங்காளி மகன் கேட்டான். நடுச் சேனல் தனியா உள்ள சவுண்ட் பாரா இருந்தா, பேச்சு தெளிவா வேணும்ங்கிற வேலைக்கு அதுவும் ஆகும், பொய் சொல்லக் கூடாது. இடம் அடைக்காது, ஒயர் தொல்லை இல்ல. ஆனா கெட்டுப் போனா உள்ள இருக்கிற போர்டு கிடைக்காது, மொத்தமா தூக்கிப் போடணும். ரிசீவர்னா டவுன்ல ரிப்பேர்க்காரர் தொறந்து பாத்து ரிலேவோ கண்டென்சரோ மாத்திக் குடுத்துருவாரு. ரிசீவரே போனாலும் ஸ்பீக்கர் மிச்சம். நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் ஓடும். அதனால காசைப் பாதிக்கு மேல ஸ்பீக்கர்ல போடு, ரிசீவரைப் பழசா வாங்குன்னேன்.

மாட்டின அன்னைக்கு நடந்ததையும் சொல்லிர்றேன். சாயங்காலம் செய்தி போட்டேன். அம்மாவைக் கூப்பிடல, கூப்பிட்டா வராது. திண்ணையிலதான் ஒக்காந்திருந்துச்சு. மழை நிலவரம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. திண்ணையிலேருந்து கொரலு வந்துச்சு: "தம்பி, நாகப்பட்டினத்துக்கு கன மழைங்கிறான், நாத்தங்காலுத் தண்ணியை வடிச்சாச்சா?" நான் பதில் சொல்லாம கொஞ்ச நேரம் ரிமோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். அது உள்ள வந்து பாயை விரிச்சுச்சு. இப்ப தெனமும் ஒக்காந்துக்குது. எல்லாச் சொல்லும் புரியுதுன்னு இல்ல. பாட்டு மேல ஏறினா விட்டுப் போகுது, படபடன்னு பேசுற பிள்ளைங்க பேச்சு புரியல. இன்னும் "என்ன சொன்னா?"ன்னு கேக்குது. கேக்குதேன்னு எனக்குச் சந்தோஷம்.

பங்காளி மகனுக்கு இன்னும் பாஸ் பெட்டி ஆசை போகல. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கைப்பிள்ளைக்காரி இருக்கா, ஆறு மாசக் கொழந்தை. அவகிட்ட போய் முதல்ல கேட்டுட்டு வாடான்னு சொல்லியிருக்கேன். ஹாலை அளக்க டேப்பு எடுத்துக்கிட்டு நாளைக்கு வர்றேன்னான். அவன் வீட்டு ஆயாவும் எங்கம்மா வயசுதான், எந்தப் பக்கம் ஒக்காருவாங்கன்னும் பாத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.